கரைப்பான் வந்து போகும் வழி

ரிமோட் ஹெலிகாப்டர் நூறு மீட்டர் தள்ளிப் போய்விட்டால், வெளிச்சமான வானத்துக்கு முன்னால் அது வெறும் கறுப்பு உருவம். நம்மைப் பார்ப்பது அதன் மூக்கா வாலா என்று சட்டென்று சொல்ல முடியாது. வால் நம் பக்கம் இருக்கையில் குச்சியை இடப்பக்கம் தள்ளினால் அது நமக்கு இடப்பக்கமே சாயும். மூக்கு நம் பக்கம் திரும்பிவிட்டால் அதே தள்ளலுக்கு வலப்பக்கம் சாயும். ஒரு நொடி குழம்பினால் போதும், பல ஆயிரம் ரூபாய் தரையில் சிதறிக் கிடக்கும். ஜெர்மனிக்காரரான டீட்டர் ஷ்லூட்டர் 1970களின் தொடக்கத்தில் இந்தப் பொழுதுபோக்குக்கு வழி திறந்த நாளிலிருந்து இந்தத் தொல்லையும் கூடவே இருக்கிறது. இப்போது விற்கிற மாடல்களில் உடம்பின் பெரும்பகுதி திறந்த சட்டம், பின்னால் நீள்வது மெல்லிய குழாய். கண்ணில் படும் பரப்பு என்று இருப்பது முன்பக்கத்தை மூடும் ஓடு ஒன்றுதான். அதைத்தான் கேனோபி என்கிறார்கள். ஆகவே அதற்கு எடுப்பான நிறம் பூசுவதை வெறும் அலங்காரம் என்று தள்ளிவிட முடியாது.

வெள்ளை பிளாஸ்டிக் கேனோபி ஒன்றையும் ஸ்ப்ரே டப்பா ஒன்றையும் வாங்கிவந்து மொட்டை மாடியில் வைத்து அடித்துப் பார்ப்பவர்கள் உண்டு. சிலருக்கு வழவழப்பாக வந்துவிடும். சிலருக்குச் சொரசொரக்கும், வழிந்து கோடு விடும், பால்நிறமாக வெளுக்கும், மாஸ்கிங் டேப்பை எடுக்கும்போது கூடவே உரிந்து வரும். இதற்கெல்லாம் வழக்கமாகச் சொல்லப்படும் காரணம், கை பழகவில்லை என்பது. அதில் பாதிதான் உண்மை. கையை ஒரே சீராக நகர்த்தும் பழக்கம் பழைய அட்டைப் பெட்டிமேல் கொஞ்ச நேரம் அடித்துப் பார்த்தாலே வந்துவிடும். மேலே சொன்ன கோளாறுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால் பெரும்பாலானவற்றின் அடியில் நிற்பது கரைப்பான். நிறம் டப்பாவிலிருந்து பிளாஸ்டிக்கை அடைவதற்கு அது வேண்டும்; அடைந்தபின் அது அங்கே தங்கக் கூடாது. பிளாஸ்டிக்கை அது எவ்வளவு கடிக்கிறது, காற்றில் எவ்வளவு போய்விடுகிறது, படலத்துக்குள் எவ்வளவு மாட்டிக்கொள்கிறது என்ற கணக்குதான் வேலையின் தரத்தைத் தீர்மானிக்கிறது.

டப்பாவுக்குள் இருப்பவை நான்கு: காய்ந்தபின் படலமாக நிற்கும் பிசின், நிறம் தரும் பொடி, இரண்டையும் ஓடவைக்கும் கரைப்பான், எல்லாவற்றையும் வெளியே தள்ளும் வாயு. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த எட்வர்ட் சீமோர் 1949இல் அலுமினியப் பெயின்ட்டை இப்படி டப்பாவில் அடைத்தார். இன்றுவரை அடிப்படை அதுதான். குலுக்கும்போது உள்ளே உருளும் குண்டு, அடியில் படிந்த நிறப்பொடியைக் கலக்குவதற்கு. சத்தம் கேட்க ஆரம்பித்த பிறகும் ஒன்றிரண்டு நிமிடம் குலுக்க வேண்டும் என்று டப்பாவிலேயே போட்டிருப்பார்கள். அதைச் செய்யாமல் அடித்தால் முதலில் வருவது நிறம் குறைந்த கரைப்பான். பிளாஸ்டிக்குக்கு இதைவிடக் கெட்ட தொடக்கம் இல்லை.

ஏனென்றால் எல்லா பிளாஸ்டிக்கும் ஒன்றல்ல. கேனோபிகள் பெரும்பாலும் ஏபிஎஸ், பாலிஸ்டைரீன், பாலிகார்பனேட் ஆகியவற்றில் வருகின்றன. பெரிய ஹெலிகாப்டர்களுக்கு ஃபைபர்கிளாஸில் வரும். ஏபிஎஸ்ஸும் பாலிஸ்டைரீனும் அசிட்டோன் பட்டால் இளகும். கொஞ்சம் இளகுவது நல்லதுதான்: பெயின்ட்டின் பிசின் அந்த மெல்லிய இளகிய பரப்போடு கலந்து பிடித்துக்கொள்கிறது. அதிகமாக இளகினால் ஓடு வளைந்துவிடும். பாலிகார்பனேட்டின் கதை வேறு. சூடாக்கி அச்சில் இழுத்துச் செய்த ஓட்டின் வளைவுகளில் இழுவிசை உறைந்து கிடக்கும். தவறான கரைப்பான் பட்டதும் அங்கெல்லாம் மயிரிழை போன்ற வெடிப்புகள் ஓடும். மாடல் கிட்டுகளுக்குப் பெயர்போன ஜப்பானிய நிறுவனமான தாமியா, பாலிகார்பனேட்டுக்கு பிஎஸ் என்றும் பாலிஸ்டைரீன், ஏபிஎஸ் வகைகளுக்கு டிஎஸ் என்றும் இரண்டு தனித் தொடர்களாக ஸ்ப்ரே டப்பாக்களை விற்பது இதனால்தான். இரண்டு தொடரிலும் சிவப்பு சிவப்புதான். வித்தியாசம் பிசினிலும் கரைப்பானிலும். பாலிப்ரொப்பிலீன் என்று ஒன்று இருக்கிறது, அது எந்தச் சாதாரணக் கரைப்பானுக்கும் மசியாது. மசியாததால் எந்தப் பெயின்ட்டும் அதில் பிடிக்காது. அதற்கென்று உள்ள பிடிப்புத் திரவத்தை முதலில் அடித்தாக வேண்டும்.

எது என்று கண்டுபிடிக்க ஆய்வகம் வேண்டாம். கேனோபியைச் செதுக்கும்போது வெட்டி எறிந்த ஓரத் துண்டைத் தண்ணீரில் முழுக்கி விட்டால் பாலிப்ரொப்பிலீன் மிதக்கும், மற்றவை மூழ்கும். அசிட்டோன் கலந்த நகப்பூச்சு நீக்கியைப் பஞ்சில் தொட்டு உட்புற ஓரத்தில் ஒரு புள்ளி வைத்துப் பார்க்கலாம்: ஏபிஎஸ்ஸும் பாலிஸ்டைரீனும் பிசுபிசுக்கும், பாலிகார்பனேட் மங்கி வெளுக்கும், ஃபைபர்கிளாஸ் பொதுவாகக் கண்டுகொள்ளாது. அந்தப் புள்ளி இறுக்கமான வளைவில் விழாமல் இருக்கட்டும்.

இந்த இடத்தில் ஒரு மறுப்பு வரும். தெருமுனை டிங்கரிங் பட்டறையில் பெயின்ட் அடிப்பவர் இந்த வேதியியல் எதையும் படித்ததில்லை. காரின் கதவைக் கண்ணாடிபோல ஆக்கிவிடுகிறாரே? உண்மைதான். அவருக்கும் இது தெரியும், கைவழியாகத் தெரியும். எந்தத் தின்னரை எந்த மாதத்தில் கலப்பது, காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டரை எப்போது ஊற்றுவது என்று அவர் முடிவு செய்வது கரைப்பான் கணக்கேதான். ஆனால் அவர் கற்றது தகரத்தின்மேல். தகரத்தை எந்தத் தின்னரும் கடிக்காது. ஆகவே அடிக்கும் முன் துணியில் தின்னரை நனைத்து ஓங்கித் துடைப்பது அவருக்குப் பழக்கம். ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லாத ஏபிஎஸ் ஓட்டை அப்படித் துடைத்தால் பளபளப்பு செத்து, துணியின் நூல் அதில் ஒட்டிக்கொள்ளும்.

பிளாஸ்டிக்குக்குப் பாத்திரம் துலக்கும் திரவமும் தண்ணீரும் கொண்டுதான் முதல் கழுவல். அச்சிலிருந்து ஓடு கழன்று வருவதற்காக ஆலையில் பூசிய பசை, விரலில் இருந்து ஏறிய தேங்காய் எண்ணெய், சிலிக்கோன் பாலிஷ் எல்லாம் போக வேண்டும். இல்லையென்றால் அந்த இடங்களில் பெயின்ட் வட்ட வட்டமாக விலகி நிற்கும். பிறகு 400 முதல் 600 வரையிலான வாட்டர் பேப்பரால் தண்ணீர் தொட்டுத் தேய்க்க வேண்டும், பளபளப்பு மங்கும்வரை மட்டும். கடைசியாக ஐசோப்ரொப்பில் ஆல்கஹாலால் ஒரு துடைப்பு. அதன்பின் வெறுங்கையால் தொடக் கூடாது. உட்பக்கம் ஒரு குச்சியைப் பொருத்தி அதைப் பிடித்துக்கொள்வது நல்லது.

இப்போது டப்பாவிலிருந்து ஓடு வரையிலான அந்த 25, 30 சென்டிமீட்டர். பெயின்ட்டில் ஒரே கரைப்பான் இருப்பதில்லை. 56 டிகிரியில் கொதிக்கும் அசிட்டோன் போன்றவை பாதி வழியிலேயே ஆவியாகிவிடும். 126 டிகிரியில் கொதிக்கும் பியூட்டில் அசிட்டேட், அதையும் தாண்டிய சைலீன் போன்றவை துளியோடு வந்து பரப்பில் விழுந்து, சிறிது நேரம் இருந்து, துளிகள் ஒன்றோடொன்று கலந்து சமமாகப் பரவ அவகாசம் தரும். டப்பாவை நெருக்கிப் பிடித்தால் வேகமானவையும் போகாமல் சேர்ந்து விழும், பெயின்ட் வழியும். மிகவும் தள்ளிப் பிடித்தால் மெதுவானவையும் வழியில் போய்விடும். காய்ந்த தூளாக விழுவது பரவாது, சொரசொரக்கும். மே மாத நண்பகல் வெயிலில் சரியான தூரத்தில் பிடித்தாலும் இதே கதி. டப்பாவில் எழுதியிருக்கும் தூரம் மிதமான வெப்பத்துக்கான கணக்கு. நம் ஊர்க் கோடையில் அதைவிடச் சற்று நெருங்க வேண்டும், கையும் வேகமாக நகர வேண்டும். பொத்தானை ஓட்டுக்கு வெளியே அழுத்தி, ஓட்டைக் கடந்து, மறுபுறம் வெளியே வந்தபின் விடுவது விதி. அழுத்தும் கணத்திலும் விடும் கணத்திலும் பெரிய துளிகள் தெறிக்கும். ஒவ்வொரு வீச்சும் முந்தையதன் பாதியை மூட வேண்டும். தொடர்ந்து அடித்தால் டப்பா கையில் சில்லிட்டுப்போகும். உள்ளே திரவ வாயு ஆவியாகிக் குளிர்வதால் அழுத்தம் குறைகிறது என்று பொருள். துப்ப ஆரம்பிக்கும் முன் நிறுத்தி, வெதுவெதுப்பான தண்ணீரில் சிறிது நேரம் வைக்கலாம். கொதிநீரில் வைக்கவே கூடாது. 50 டிகிரிக்கு மேல் டப்பா ஆபத்து.

வெயிலைவிடக் கடற்கரை ஊர்களுக்குப் பெரிய எதிரி ஈரம். கரைப்பான் ஆவியாகும்போது ஓட்டின் பரப்பிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. காற்று 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் பனித்துளி படியத் தொடங்கும் வெப்பநிலை சுமார் 26 டிகிரி. பரப்பு நாலே டிகிரி குளிர்ந்தால் போதும், ஈரப் பெயின்ட்டின்மேல் கண்ணுக்குத் தெரியாமல் தண்ணீர் படியும்; கரைந்திருந்த பிசின் அந்தத் தண்ணீரால் திரிந்து வெளுக்கும். கறுப்பு அடித்தவருக்குச் சாம்பல் கிடைப்பது இப்படித்தான். அதே 30 டிகிரியில் ஈரப்பதம் 50 என்றால் பனித்துளிக்கு 18 டிகிரிவரை இறங்க வேண்டும். சாதாரணமாக அவ்வளவு குளிராது. சென்னையிலோ தூத்துக்குடியிலோ இருப்பவர் விடிகாலையில் காற்று அசையவில்லையே என்று அடிக்கத் தொடங்குவது தவறாவது இதனால்தான், ஒரு நாளில் ஈரப்பதம் ஏறி நிற்கும் நேரம் அதுவே. காலை பத்து, பதினொன்றுக்கு மேல் நிழலில் அடிப்பது பொருத்தம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் டப்பாவை அலமாரியிலேயே விட்டுவைக்கலாம். வெளுத்துவிட்டால் பதற வேண்டாம். வறண்ட நாளில் அதே பெயின்ட்டையோ நிறமில்லாத கிளியரையோ மெல்லிசாக ஒரு கோட் அடித்தால், புதிய கரைப்பான் மேற்பரப்பை மறுபடி இளக்கி, சிக்கிய ஈரத்துக்கு வழி விடும். பெரும்பாலும் நிறம் திரும்பிவிடும்.

மெல்லிசான கோட்டுகளாக மூன்று நான்கு முறை அடிக்கச் சொன்னால், தடிமனாக ஒரே கோட் அடித்தால் அதே நிறம்தானே, நேரம் மிச்சமாகுமே என்று கேட்கத் தோன்றும். நேரம் மிச்சமாவதே இல்லை. படலம் மேலிருந்து காய்கிறது. தடித்த கோட்டில் மேற்பரப்பு மூடிக்கொண்டபின் கீழே உள்ள கரைப்பானுக்கு வெளியேற வழி குறுகிவிடுகிறது. தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும். மாஸ்கிங் டேப் ஒட்டி எடுத்தால் அதன் தடம் அப்படியே பதிந்து நிற்கும். அடியில் தங்கிய கரைப்பானோ பிளாஸ்டிக்கை நாள்கணக்கில் கடித்துக்கொண்டிருக்கும். எனாமல் வகை டப்பாக்களில் ஒரு மணி நேரத்துக்குள் அடுத்த கோட்டை அடி, தவறினால் இரண்டு நாள் கழித்து அடி என்கிற மாதிரி எழுதியிருப்பதை வியாபார எச்சரிக்கை என்று நினைத்து விட்டுவிடுகிறோம். இடைப்பட்ட நேரத்தில் மேலே தோல் கட்டியிருக்கும், உள்ளே பச்சையாக இருக்கும். புதுக் கரைப்பான் பட்டதும் அந்தத் தோல் உப்பி, ஊதிய பாலின் ஆடைபோலச் சுருங்கிவிடும். எனாமலுக்கு மேல் லாக்கர் அடித்தாலும் இதுவே நடக்கும்.

தடிமனுக்கு எதிராக இன்னொரு சாட்சி, கேனோபியைப் பயன்படுத்தும் விதம். மின்சார ஹெலிகாப்டர் ஒரு பேட்டரியில் பறப்பது சில நிமிடம்தான். ஒவ்வொரு தடவையும் கேனோபியின் இரு பக்கத்தையும் விரித்து, ரப்பர் வளையம் பதித்த துளைகளைச் சட்டத்தின் முளைகளிலிருந்து கழற்றி, மறுபடி மாட்ட வேண்டும். தடித்த பெயின்ட் முதலில் வெடிப்பது அந்தத் துளைகளைச் சுற்றித்தான். கூடவே, மூக்கில் ஏறும் எடையை ஈடுகட்ட பேட்டரியைப் பின்னால் தள்ள வேண்டியிருக்கும். உள்ளங்கை அளவு ஹெலிகாப்டரில் இது விளையாட்டுச் சமாசாரம் இல்லை.

தடிமனாக அடிக்கும் ஆசை அதிகம் வருவது ஃப்ளூரசன்ட் நிறங்களில். அமெரிக்காவின் ஸ்விட்சர் சகோதரர்கள் 1930களில் தொடங்கிய ஆராய்ச்சியிலிருந்து வந்த இந்த நிறங்கள், கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரையும் நீல ஒளியையும் வாங்கி ஆரஞ்சாகவோ மஞ்சள் கலந்த பச்சையாகவோ திருப்பி உமிழ்கின்றன. நம் கண் பகலில் அதிகம் உணர்வது 555 நானோமீட்டர் அளவிலான மஞ்சள்பச்சையைத்தான். பறக்கும் மாடலுக்கு இது கை மேல் பலன். ஆனால் இந்த நிறப்பொடி ஒளியை ஊடுருவ விடும். சாம்பல் பிரைமர்மேல் எத்தனை கோட் அடித்தாலும் அழுக்காகவே தெரியும், அடிப்பவர் மேலும் மேலும் அடித்துக்கொண்டே போவார். அடியில் வெள்ளையை முழுக்க மூடி அடித்துவிட்டால் மேலே மெல்லிய இரண்டு மூன்று கோட் போதும். வெயிலில் இவை சீக்கிரம் மங்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆகவே முழுக்க ஃப்ளூரசன்டை நம்பாமல் ஒரு பக்கம் அடர் நிறமும் ஒரு பக்கம் வெளிர் நிறமுமாக முரண் வைப்பதே என் பார்வையில் புத்திசாலித்தனம். தூரத்தில் நிறம் தெரியாது, முரண் தெரியும்.

இரு நிறம் என்றால் டேப் ஒட்ட வேண்டும், டேப்புக்கு அடியில் பெயின்ட் கசியும். கசிவைத் தடுக்க முடியாது, ஆனால் ஏமாற்றலாம். டேப்பின் விளிம்பில் முதலில் கீழே உள்ள அதே நிறத்தை லேசாக அடித்துவிட்டால் கசிகிற இடுக்குகளை அதுவே அடைத்துக்கொள்ளும். கசிந்தது வெளியே தெரியாது. பிறகு இரண்டாம் நிறத்தை அடித்து, அது முழுக்க இறுகும் முன், டேப்பை அதன்மேலேயே மடித்து மெதுவாக இழுத்தால் கோடு கத்தியால் வெட்டியதுபோல வரும். கண்ணாடிபோல் தெளிந்த பாலிகார்பனேட் ஓட்டுக்கு முறையே தலைகீழ். அதற்கு உட்பக்கம்தான் அடிக்க வேண்டும். வெளிப்பளபளப்பைப் பிளாஸ்டிக்கே தருகிறது, கீறலும் பெயின்ட்டை எட்டாது. உள்ளிருந்து அடிப்பதால் வெளியே முன்னால் தெரிய வேண்டியதை முதலில் அடிக்க வேண்டும்: கறுப்புக் கோடுகள் முதலில், வெளிர் நிறம் பிறகு, எல்லாவற்றுக்கும் பின்னால் வெள்ளை.

கரைப்பான் படலத்தை விட்டுப் போனால் எங்கே போகிறது? வீட்டுக்குள் அடித்தால் வீட்டுக்குள்ளேயே, அதைத் தள்ளிய வாயுவும் சேர்ந்து. இதைப் பலர் யோசிப்பதில்லை. ஒருகாலத்தில் ஸ்ப்ரே டப்பாக்களில் பெயின்ட்டைத் தள்ளிய குளோரோஃப்ளூரோகார்பன் வாயு எரியாதது. ஓசோனுக்குக் கெடுதல் என்று அமெரிக்கா 1978இல் அதற்குத் தடை போட்டது. 1987இன் மான்ட்ரியல் ஒப்பந்தம் உலக நாடுகளையும் அந்த வழிக்குக் கொண்டுவந்தது. அந்த இடத்தில் வந்தவற்றுள் முக்கியமானவை புரொப்பேனும் பியூட்டேனும், அதாவது அடுப்பு சிலிண்டரில் இருக்கும் அதே எரிவாயு. காற்றைவிடக் கனமானது, தரையோரம் தங்கும். பூஜையறையில் விளக்கு எரியும்போதோ, அடுப்பு எரியும்போதோ ஃபிளாட்டுக்குள் அடிப்பது எந்த விதத்திலும் நியாயமில்லாத துணிச்சல். மூச்சு விஷயத்திலும் ஒரு தவறான நிம்மதி உலவுகிறது. கொரோனா காலத்தில் வாங்கிய என்95 முகக்கவசம் பெயின்ட் துளியைத் தடுக்கும், கரைப்பான் ஆவியைத் தடுக்காது; வாசனை வருகிறதென்றால் ஆவி உள்ளே போகிறது. கரித்தூள் நிரப்பிய குப்பிகள் மாட்டிய ரப்பர் கவசம்தான் இதற்கு. மொட்டை மாடியும் காற்றோட்டமும் இருந்தாலும் அது வீண் செலவில்லை.

இத்தனை தொல்லைக்குப் பதில் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பெயின்ட் எதற்கு இருக்கிறது என்று கேட்டால், கேள்வி நியாயமானதே. அலமாரியில் நிற்கப்போகிற மாடல் என்றால், சிறு குழந்தைகள் உள்ள ஃபிளாட் என்றால், ஏர்பிரஷ்ஷும் தண்ணீர் அக்ரிலிக்கும்தான் சரி, மறுபேச்சில்லை. பறக்கிற மாடலுக்கு அதில் உள்ள குறை, பிளாஸ்டிக்கை அது கடிப்பதில்லை என்பது. பிரைமர் இல்லாமல் அடித்தால் விரல் நகம் பட்டாலே உரியும். பிரைமர் அடித்தாலோ மறுபடி கரைப்பானிடம்தான் வந்து நிற்கிறோம். ஸ்டிக்கர் ஒட்டிவிடலாமே என்பவர்களுக்கு: ஒரு திசையில் வளையும் பக்கவாட்டுக்கு அது நன்றாகவே பொருந்தும், இரண்டு திசையிலும் வளைகிற மூக்கு நுனியில் சுருக்கம் விழும், சூடு காட்டி இழுத்து ஒட்டியது வெயிலில் பழையபடி சுருங்கப் பார்க்கும். ஆலையில் பெயின்ட் அடித்தே வரும் கேனோபியை வாங்குவதில் தவறொன்றும் இல்லை. ஆனால் மைதானத்தில் இருவரிடம் ஒரே மாதிரி கேனோபி இருந்தால் ஒருவர் மற்றவரின் ஹெலிகாப்டரைப் பார்த்துக்கொண்டு குச்சியைத் தள்ளும் வாய்ப்பும் உண்டு.

ஒன்றை மட்டும் வீட்டில் செய்ய வேண்டாம். மெத்தனால், நைட்ரோமீத்தேன், எண்ணெய் கலந்த எரிபொருளில் ஓடும் பழைய வகை எஞ்சின் ஹெலிகாப்டர்களின் புகைக்குழாய் கேனோபிமேலும் வாலிலும் எண்ணெயோடு எரியாமல் மிஞ்சிய எரிபொருளையும் துப்பும். மெத்தனாலும் நைட்ரோமீத்தேனும் சாதாரண டப்பா பெயின்ட்டைக் கரைத்துவிடும் கரைப்பான்கள். அதைத் தாங்குவது ஹார்டனர் கலந்து அடிக்கும் டூ-கே கிளியர். அதன் ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் ஆஸ்துமாவைக் கொண்டுவரும் என்பது பெயின்ட் தொழிலில் நன்றாகவே அறியப்பட்ட விஷயம்; அடிப்பவர் மட்டுமில்லை, அந்தக் காற்றைச் சுவாசிக்கும் எல்லோருக்கும் அந்த ஆபத்து. நிறம் வரை வீட்டில் முடித்து, ஒரு வாரம் விட்டு, மூக்கருகே கொண்டுபோனால் பெயின்ட் வாசனை வரவில்லை என்று ஆனபின், கிளியருக்கு மட்டும் கார் பட்டறைக்குக் கொண்டுபோகலாம். கொடுக்கும்போது அங்குள்ள அண்ணனிடம் மூன்று விஷயம் சொல்லியாக வேண்டும்: இது பிளாஸ்டிக், தின்னர் துணியால் துடைக்கக் கூடாது; முதல் கோட்டைத் தூவலாக அடிக்க வேண்டும்; கதவோடு சேர்த்துச் சூட்டு அறையில் வைக்கக் கூடாது, நிழலிலேயே காயட்டும்.